எழுதப்படாத வரிகள்: ஒரு நிரல் மொழி மாறும்போது

கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இன்றும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. நீலத் திரை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பக்கத்தில் துணி போர்த்தி வைத்த இன்னொரு பழைய கணினி, உதிரி பாகத்துக்காக. சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, சிறு விவசாயிகள் அனுப்பும் பச்சைத் தேயிலையின் எடை, மழைநாளில் ஈரத்துக்காகக் கழிக்கும் சதவீதம், உரத்துக்கு வாங்கிய முன்பணம், லாரி வாடகை, மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகை எல்லாம் அந்த நிரலுக்குள்தான் இருக்கின்றன. எழுதியவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பை 2004-இல் வெளியிட்டது. 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. இந்தக் கணினி ஒருநாள் நின்றுவிடும் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே பைத்தான் என்ற இன்றைய நிரல் மொழிக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுகிறது.

பைத்தான் தெரிந்த ஓர் இளைஞர் கிடைத்தால் போதும், உட்கார்ந்து வரிக்கு வரி மாற்றிவிடுவார் என்பது பொதுவான எண்ணம். கோட்பாட்டளவில் அதில் தவறில்லை. ஒரு பொது மொழியில் எழுத முடிந்த கணக்கீட்டை இன்னொரு பொது மொழியிலும் எழுத முடியும். 1936-இல் ஆலன் டூரிங் போட்ட அடித்தளத்திலிருந்தே வந்த முடிவு அது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நிரலில் எழுதியிருப்பது பாதிதான். மீதியை அந்த மொழி, யாரும் கேட்காமலே, தன் போக்கில் செய்துகொண்டிருக்கும். எழுதியவரிடமே போய்க் கேட்டாலும் அவருக்கு நினைவிருக்காது, ஏனென்றால் அவர் அதை எழுதவே இல்லை. மாற்ற வருகிறவர் கண்ணிலோ எழுதிய வரி மட்டும்தான் படும்.

ஃபாக்ஸ்புரோவின் சமக்குறி ஒன்றே போதும், இதை விளக்க. இரண்டு சொற்கள் சமமா என்று கேட்டால் அது வலப்பக்கச் சொல் முடியும் வரை மட்டும் ஒப்பிட்டுவிட்டு ‘சமம்’ என்று சொல்லிவிடும். ‘கோத்தகிரி’ என்பதும் ‘கோத்த’ என்பதும் சமமா? ஆம். இடத்தை மாற்றி, ‘கோத்த’ என்பதும் ‘கோத்தகிரி’ என்பதும் சமமா? இல்லை. நிரலின் தொடக்கத்தில் ‘செட் எக்ஸாக்ட் ஆன்’ என்று ஒரு வரி எழுதினால் இந்தப் பழக்கம் மாறும். எழுதாவிட்டால் இதுதான் இயல்பு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அட்டவணையில் ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது எண், பெயர் போன்ற ஒவ்வொரு கட்டத்துக்கும், நிலையான அகலம் உண்டு. சொல் சிறியதாக இருந்தால் மீதி இடத்தை வெற்றிடங்கள் நிரப்பும்.

இப்போது இலைக்கணக்குக்கு வருவோம். விவசாயியின் உறுப்பினர் எண் ‘7-12’ என்று இருக்கிறது: ஏழாவது சேகரிப்பு மையம், பன்னிரண்டாவது ஆள். அதே மையத்தில் ‘7-120’ என்றும் ஒருவர் இருக்கிறார். பழைய நிரலில் ஒரே சமக்குறி மூன்று விதமாக வேலை செய்கிறது. மையவாரி அறிக்கையில் ‘7-’ என்று மட்டும் கொடுத்து, அந்த மையத்து ஆட்கள் அனைவரையும் எடுக்கிறது. அதாவது முன்பகுதி ஒத்தால் போதும் என்ற பழக்கத்தை எழுதியவர் தெரிந்தே பயன்படுத்தியிருக்கிறார். எடைப் பதிவில் இரண்டு புலங்களை ஒப்பிடுகிறது. இருபுறமும் வெற்றிடம் நிரம்பியிருப்பதால் சரியான ஆள் மட்டுமே பொருந்துகிறார். முன்பணம் பிடிக்கும் திரையில், குமாஸ்தா தட்டிய எண்ணின் வெற்றிடங்களை வெட்டிவிட்டுத் தேடுகிறது. அங்கே ‘7-12’ என்றால் ‘7-120’ முதல் ‘7-129’ வரை எல்லாமே பொருந்தும். ஆனாலும் வரிசையில் ‘7-12’ முதலில் நிற்பதால் தேடல் அங்கேயே நின்றுவிடும். இத்தனை காலம் தவறு வெளியே தெரியவில்லை. 7-12 தோட்டத்தை விற்றுவிட்டு, பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய மாதத்தில் யாராவது அந்த எண்ணைத் தட்டினால், முன்பணம் 7-120 கணக்கில் பிடிக்கப்படும்.

பைத்தானின் சமக்குறி கறாரானது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மூன்று இடத்திலும் அதையே போட்டால் என்ன ஆகும்? மையவாரி அறிக்கை பூஜ்யம் காட்டும். உடனே கண்ணில் படும். வெற்றிடத்தோடு வந்த எண்ணும் வெற்றிடமில்லாத எண்ணும் சந்திக்கும் இடத்தில் யாருமே கிடைக்க மாட்டார்கள். அதுவும் ஒரு நாளில் தெரிந்துவிடும். மூன்றாவது இடத்தில்தான் வேடிக்கை. அங்கே புதிய நிரல் சரியாகச் செய்யும், பழையதுதான் ஏதோ ஒரு மாதத்தில் தவறாகப் பிடித்திருக்கும். இரண்டையும் வைத்துச் சரிபார்ப்பவர் வித்தியாசத்தைக் கண்டதும் புதியதைத்தான் சந்தேகிப்பார். பழையது இத்தனை ஆண்டுகளாக ஓடியது, அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

பெயர் நீங்குவது என்றேனே, அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் கோப்பு வகையில் ஒரு பதிவை நீக்கினால் அது போய்விடாது. பதிவின் முதல் எழுத்தாக ஒரு வெற்றிடம் இருக்கும். நீக்கியதும் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’ என்ற கட்டளையைக் கொடுக்கும்வரை பதிவு கோப்பிலேயே கிடக்கும். பழைய நிரல் ‘செட் டெலீடட் ஆன்’ என்ற ஒற்றை வரியால் அவற்றை எல்லாத் திரைகளிலிருந்தும் மறைத்துவைத்திருக்கும். கோப்பை நேரடியாகப் படிக்கும் புதிய நிரல் அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் போனால், தோட்டத்தை விற்றவர்களும் காலமானவர்களும் மாதப் பட்டியலில் மீண்டும் வந்து நிற்பார்கள்.

அடுத்தது காசு. சனிக்கிழமை ஒரு விவசாயி 37.5 கிலோ இலை போடுகிறார். மழை, ஈரத்துக்கு 7 சதவீதம் கழிவு. நிகர எடை 34.875 கிலோ. ஆனால் பழைய அட்டவணையில் எடைப் புலத்துக்குப் புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இடம். புலத்தில் போடும் கணத்தில் எண் 34.9 ஆகிவிடும், அப்படி ஆக்கு என்று நிரலில் எங்கும் எழுதியிருக்காது. கிலோ 18.50 ரூபாய் என்றால் தொகை 645.65. பைத்தானில் எடை ஒரு மாறியில் (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடத்தில்) இருக்கும், அதற்கு அகலம் கிடையாது. 34.875 அப்படியே பெருக்கப்பட்டு 645.1875, அதாவது 645.19 ரூபாய். ஒரே நாளில் 46 பைசா வித்தியாசம். வேறொரு நாள் எடை கீழ்நோக்கி முழுமையாகும், வித்தியாசம் எதிர்ப்பக்கம் போகும். பணக் கணக்குக்கு, தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்து என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். சரியான அறிவுரைதான், ஆனால் இந்த 46 பைசா அதனால் தீராது. எந்தப் படியில் முழுமையாக்குவது என்பதுதான் இங்கே கேள்வி. முழுமையாக்கும் முறையும் வேறு. ஃபாக்ஸ்புரோ 2.5-ஐ 3 ஆக்கும். பைத்தானின் ‘ரவுண்ட்’ சரிபாதி வந்தால் இரட்டை எண்ணின் பக்கம் சாய்ந்து 2 ஆக்கும்.

மாறிகளின் எல்லையும் அப்படித்தான். ஃபாக்ஸ்புரோவில் ஒரு துணை நிரல், தன்னை அழைத்த நிரலின் மாறியைப் பெயர் சொல்லியே எடுத்து மாற்றிவிடலாம். பைத்தானில் அந்தச் சலுகை இல்லை. இதைச் சீராக்குவது அலுப்பான வேலையே தவிர, புதிரான வேலை அல்ல.

தமிழ்ப் பெயர்களில்தான் மறுபடியும் புதிர். யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் எழுத்தை உச்சரிப்பு வரிசையில் அல்லாமல் தோன்றும் வரிசையில் சேமித்தன. 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் முறைகளும் அந்த வகைதான். யூனிகோடில் ‘போ’ என்பது முதலில் ப, பிறகு ஓகாரக் குறி. பழைய முறையில் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ப, பிறகு கால். விளைவு: பழைய பட்டியலில் கோபாலன், தேவராஜ், போஜன் மூவரும் அடுத்தடுத்து நிற்பார்கள், மூவருக்கும் தொடக்கத்தில் இரட்டைக் கொம்பு இருப்பதால். ஆண்டுக்கணக்கில் அந்தப் பட்டியலைப் புரட்டிய குமாஸ்தாவுக்கு அந்த வரிசை கைவந்திருக்கும். யூனிகோடுக்கு மாற்றியதும் மூவரும் மூன்று மூலைக்குப் போவார்கள். போகட்டும், அகரவரிசையாவது கிடைக்குமா என்றால், வெறும் யூனிகோடு எண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அதில் ன, ந-வை ஒட்டி வரும். ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் நிற்கும். தமிழ் வரிசை வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

‘கோத்தகிரி’ எத்தனை எழுத்து என்று கேட்டுப் பாருங்கள். நமக்கு ஐந்து. ஸ்விஃப்ட் மொழியும் ஐந்து என்கிறது. பைத்தான் ஒன்பது என்கிறது, குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். கோ மொழியிலும் ரஸ்டிலும் நீளம் கேட்டால் 27 வரும், அவை பைட்டுகளை எண்ணுகின்றன. ஊர்ப் பெயருக்கு இருபது இடம் என்று பழைய அட்டவணை வைத்திருந்தால், அந்த இருபது எதில் என்பதை ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். இல்லையென்றால் சீட்டில் ஊர்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

இதெல்லாம் பழைய கணக்குப் பதிவு மொழிகளின் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. பழனி மலையில், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் அமைந்தது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலிருந்தும் பிலிம்களிலிருந்தும் எண்முறைக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. அத்தகைய படங்களை ஆராய்வதற்குச் சூரிய இயற்பியலாளர்கள் உலகெங்கும் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தது 1977-இல் பிறந்த ஐடிஎல் என்ற மொழியை. இப்போது அந்தத் துறையே பைத்தான் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஐடிஎல்லில் ஓர் அணியின் (வரிசையாக அடுக்கிய மதிப்புகளின்) 0 முதல் 9 வரை என்றால் பத்து உறுப்புகள். பைத்தானில் அதையே எழுதினால் ஒன்பது. ஐடிஎல்லில் முழு எண்ணின் இயல்பு அகலம் 16 பிட். 32,767-உடன் ஒன்றைக் கூட்டினால் −32,768 வரும். பைத்தானில் அந்த உச்சவரம்பே கிடையாது. படத்தின் புள்ளியை ஐடிஎல் ‘கிடை, நெடுக்கை’ என்ற வரிசையில் குறிக்கும், பைத்தானில் அணிகளைக் கையாளும் தொகுப்பான நம்பை ‘நெடுக்கை, கிடை’ என்று குறிக்கும். ஐடிஎல் படத்தைக் கீழிருந்து மேலாக வரையும். பைத்தானில் படம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப், ஒன்றும் சொல்லாவிட்டால், மேலிருந்து கீழாக வரையும். அதாவது வரிக்கு வரி மாற்றிய நிரலில் சூரியன் தலைகீழாக நிற்கும்.

தலைகீழானால் உடனே தெரிந்துவிடாதா? ஒரு மனித முகம் என்றால் தெரியும். சூரியன் ஒரு வட்டம். வடபாதியில் இருந்த கரும்புள்ளிகள் தென்பாதியில் தெரியும், அவ்வளவுதான். கரும்புள்ளி இணையில் முன்னால் செல்லும் புள்ளி நடுக்கோட்டுக்குச் சற்று அருகில் இருக்கும் என்பது ஜாய் விதி. மேல்கீழாகக் கவிழ்த்த படத்திலும் அந்த விதி பிசகாமல் பொருந்தும். எந்த எச்சரிக்கையும் வராது, எந்தக் கணக்கும் உடையாது. வடபாதியில் புள்ளிகள் அதிகமா, தென்பாதியில் அதிகமா என்ற விடை மட்டும் மாறிப்போயிருக்கும். சூரியனின் அச்சு 7.25 டிகிரி சாய்ந்திருப்பதால் ஆண்டின் இரு பாதிகளிலும் புள்ளிகளின் பாதை எதிரெதிர்ப் பக்கம் வளையும். அந்த வளைவு மார்ச்சிலும் செப்டம்பரிலும் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் பார்த்தால்தான் பிடிபடும். அந்தத் தெரிதல் இரண்டு மொழிகளிலும் இல்லை, துறைக்குள் இருக்கிறது.

இதைவிடச் சிறிய, ஆனால் இன்னும் நெருடலான இடம் ஒன்று உண்டு. நிபந்தனைக்குப் பொருந்தும் இடங்களைத் தேடும் ‘வேர்’ (where, ‘எங்கே’) என்ற சார்பு ஐடிஎல்லில், எதுவும் கிடைக்காவிட்டால் −1 என்ற விடையைத் தரும். நம்பையில் அதே பெயர் கொண்ட சார்பு வெற்று அணியைத் தரும். பழைய நிரல் −1 வந்ததா என்று சோதித்திருந்தால், அந்தச் சோதனை புதிய மொழியில் பொருளிழந்துவிடும். ஆனால் கரும்புள்ளிகள் நிறைந்த ஆண்டின் படங்களை வைத்துச் சோதித்தால் இது ஒருபோதும் வெளிப்படாது. புள்ளியே இல்லாத நாட்கள் மலிந்த 2008, 2009 ஆண்டுகளின் படங்கள் வேண்டும்.

அப்படியானால் இரண்டு நிரல்களும் ஒன்றேதான் என்று கணினியே நிரூபித்துச் சொல்லக் கூடாதா? பொதுவாக முடியாது. எந்த இரு நிரல்களைக் கொடுத்தாலும் அவை ஒரே விதமாக நடந்துகொள்ளுமா என்று தீர்ப்புச் சொல்லும் பொது வழிமுறை இருக்க முடியாது என்பது டூரிங்கின் வேலையிலிருந்து பிறக்கும் முடிவு. 1953-இல் ஹென்றி கார்டன் ரைஸ் அதை இன்னும் விரிந்த தேற்றமாக நிறுவினார். சிறிய, கட்டுப்பாடான நிரல்களுக்கு நிரூபணம் சாத்தியம். தொழிற்சாலைக் கணக்குக்கு அது கட்டுப்படியாகாது.

தானியங்கி மாற்றிகள் எப்போதோ வந்துவிட்டன. 1990-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த எஃப்டூசி, ஃபோர்ட்ரான் நிரலை சி மொழிக்கு மாற்றியது. அது தந்த சி நிரலை மனிதர் படிப்பது தண்டனைதான். ஆனால் ஃபோர்ட்ரான் அணி ஒன்றிலிருந்து தொடங்கும், சி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பது போன்ற வேறுபாட்டையெல்லாம் விடாமல் ஈடுகட்டியிருக்கும். வங்கிகளின் கோபோல் நிரல்களை ஜாவாவுக்கு மாற்றியபோதும் இதே நிலை. ஜாவாவின் உடையில் உலவும் அந்தக் கோபோலுக்கு நிரலர்கள் ‘ஜோபோல்’ என்று கேலிப்பெயரே வைத்தார்கள். விசுவாசமாக இருக்கும், ஆனால் இரண்டு மொழிக்காரர்களும் தொட மாட்டார்கள்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இதற்கு நேர் எதிர். 2020-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் டிரான்ஸ்கோடர் என்ற மாதிரியை வெளியிட்டபோதே, மாற்றிய நிரல் பார்க்க ஒத்திருக்கிறதா என்பதை விட, ஓட்டினால் ஒரே விடை வருகிறதா என்றே அளக்க வேண்டும் என்பதை வலியுறுத்தினார்கள். இப்போதைய மாதிரிகள் தரும் பைத்தான், ஒரு நல்ல பைத்தான்காரர் எழுதியது போலவே இருக்கும். என் பயமும் அங்கேதான். ஃபாக்ஸ்புரோவின் சமக்குறியைப் பார்த்ததும் பைத்தானின் சமக்குறியைப் போடுவது அவற்றுக்கு மிக இயல்பானது. கேட்காமலே ஒரு தவறைத் திருத்திவிடும், அதைச் சொல்லாமலும் விட்டுவிடும். எஃப்டூசி தந்ததைப் பார்த்தாலே சரிபார்க்கத் தோன்றும். இது தருவதைப் பார்த்தால் சரிபார்க்கத் தோன்றாது. தட்டச்சு உழைப்பை இவை பெருமளவு குறைக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘இந்த மொழி இந்த இடத்தில் தானாக என்ன செய்கிறது’ என்று வரி வரியாகக் கேட்டுப் பட்டியல் வாங்குவதுதான், மாற்றித் தரச் சொல்வதைவிட அவற்றால் கிடைக்கும் பெரிய உதவி என்பது என் கணிப்பு.

வேலையை இரண்டு கட்டமாகப் பிரிப்பது நல்லது. முதல் கட்டத்தில் பழையதை, அதன் தவறுகளோடு சேர்த்து, அப்படியே கொண்டுவர வேண்டும். திருத்தம் இரண்டாவது கட்டம். இரண்டையும் கலந்துவிட்டால், ஒரு தொகை பொருந்தாதபோது அது மாற்றத்தின் கோளாறா, திருத்தத்தின் விளைவா என்று யாராலும் பிரிக்க முடியாது. 46 பைசா வித்தியாசம் முதல் கட்டத்தில் வரவே கூடாது. எடையைப் புலத்தில் போடும் இடத்திலெல்லாம் புதிய நிரலும் ஓர் இடத்துக்கு முழுமையாக்க வேண்டும், வெளிப்படையாக, ஒரு குறிப்போடு. இனி மூன்று இடம் வைத்துக்கொள்ளலாமா என்பதை நிரலர் தீர்மானிக்கக் கூடாது. நீலகிரிக்கான பசுந்தேயிலை விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. அதற்கும் கீழே, பைசாக் கணக்கை எங்கே வெட்டுவது என்பது தொழிற்சாலைக்கும் விவசாயிக்கும் இடையிலான விஷயம். மாற்றுவதென்றால் சேகரிப்பு மையங்களில் அறிவிப்பு ஒட்டிவிட்டு மாற்ற வேண்டும்.

பிறகு இரண்டு நிரல்களையும் சேர்ந்தாற்போல் ஓட்டிப் பார்க்கும் காலம். எடைச் சீட்டுகளை இரண்டு கணினியிலும் தட்டுவதென்றால் குமாஸ்தாவுக்கு வேலை இரட்டிப்பு. அதனால் இலை வரத்து குறைந்திருக்கும் மாதம்தான் வசதி. நீலகிரியில் அது உறைபனிக் காலம், ஜனவரி, பிப்ரவரி. அந்த மாதங்களில் கொழுந்து கருகிப் பல விவசாயிகள் இலையே போட மாட்டார்கள். முன்பணம் மட்டும் இருந்து, வரவு இல்லாத கணக்குகள் அப்போதுதான் நிறைய வரும். அவற்றைச் சோதிக்க நல்ல வாய்ப்பு. ஆனால் ஈரக் கழிவு அப்போது வராது, 34.875 போன்ற எண்களும் வராது. எனவே உறைபனி மாதத்தில் நேரடியாக ஓட்டுவதோடு, சென்ற ஆண்டின் தென்மேற்குப் பருவமழை மாதம் ஒன்றின் எடைப் பதிவுகளைப் பழைய கோப்பிலிருந்து எடுத்துப் புதிய நிரலில் முழுவதும் மறுபடி ஓட்ட வேண்டும். வரும் பட்டியலை அந்த மாதம் அச்சிட்டுக் கொடுத்த சீட்டுகளின் அலுவலகப் பிரதியோடு, பைசா சுத்தமாக, உறுப்பினர் எண் வாரியாக ஒப்பிட வேண்டும். 7-12-க்குப் பக்கத்தில் 7-120 இருக்கிற மையத்திலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சமாகும்.